சிவப்பு அடித்த பாதை

வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற் அரை ரின், எங்கள் குசினியில் அடுப்பு மூலையில் கிடந்தது. அதை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு எங்கள் மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டிலிருந்து நான் புறப்பட்ட காலையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் அப்பா அன்று கடலுக்குப் போகவில்லை. முற்றத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"உதை எங்க கொண்டு போறாய்?"

"பாதைக்கு அடிக்க."

"நடக்கிறதுக்கும் பெயின்றே? இனி மூச்சு விடவும் ஒரு ரின் வேணும் எண்டுவாய்."

"வெளியூர் ஆக்களுக்கு வழி தெரியவேணும் அப்பா. சிவப்பெண்டால் தூரத்திலயே கண்ணில படும்."

அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. எங்கள் கடலில் அது உண்மை. வலையின் அந்தத்தில் ஒரு மிதப்புக் கட்டை, அதில் ஒரு தடி, தடியில் சிவப்புத் துணி. விடியற்காலையில் வள்ளத்தில் போகிறவர்கள் அந்தச் சிவப்பைத் தேடித்தான் போவார்கள். சிவப்பைக் கண்டால் நிம்மதி. வலை இருக்கிறது, இங்கே வா என்பதுதான் அதன் அர்த்தம். நான் அந்தக் கரையில் வளர்ந்தவள். வேறு அர்த்தம் ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்து முடித்து, வேலை கிடைக்காமல், ஓரிடத்தில் இருக்கவும் முடியாமல் திரிந்த காலம் அது. அப்போதுதான் சுற்றுலா வருகிறவர்களுக்கு நடைப்பாதை அமைக்கும் இந்த வேலை வந்தது. எங்கள் தீவின் கடற்கரையில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, உயிலங்குளத்துப் பக்கத்து வயல்களுக்குள்ளால் பெரியமடு வரை போகும் பல நாள் நடை. நடக்க வருகிறவர்கள் ஹோட்டலில் தங்கமாட்டார்கள். வழியிலுள்ள வீடுகளில் படுப்பார்கள், அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிடுவார்கள், வலை இழுப்பதையும் நெல்லு விதைப்பதையும் பார்ப்பார்கள், கோயில் திருவிழாவோ தேவாலயத் திருநாளோ வந்தால் அதிலும் நிற்பார்கள். அதனால் வருகிற வருமானம் அந்தந்த ஊருக்கே. எனக்கு இதைக் கேட்ட அன்றிரவு நித்திரை வரவில்லை. கதைக்கத் தொடங்கினால் மூச்சு எடுக்கமாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மாதம் முழுக்க நான் வேறெதையும் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் நடை உயிலங்குளத்துக்கு உள்ளே இருக்கிற ஒரு சின்னக் கிராமத்தைக் கடக்கும். அங்கே இரண்டு வழி இருந்தது. ஒன்று தார் ரோட்டு. நேரானது, மர நிழல் இல்லாதது, மணல் ஏற்றிய ரிப்பர் வாகனங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போவது. மற்றது குளக்கட்டில் ஏறி, கட்டின் கடைசியில் இறங்கி, பனைகளுக்கும் பற்றைகளுக்கும் நடுவால் ஊருக்குள் வரும் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், நாரைகள், மறுபக்கம் வயல். போனில் தூரம் அளந்துகொண்டு முதல்முறை அதில் நடந்தபோதே முடிவெடுத்துவிட்டேன், இதுதான் பாதை.

அப்படி அளந்துகொண்டு வந்த இடத்தில்தான், பிறகு நான் அக்கா என்றே கூப்பிட்ட பெண்ணைச் சந்தித்தேன். தலையில் விறகுக் கட்டோடு எதிரே வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"என்ன மிஸ் தேடுறீங்க? ஏதாச்சும் விழுந்திருச்சா?"

"இல்லை அக்கா, பாதை அளக்கிறன்."

"இத அளந்து என்ன செய்யப் போறீங்க? எங்க வீட்டோட முடிஞ்சிரும்."

அவர் சொன்னது சரி. பாதை இறங்கும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெற்றோர் காலத்தில் வந்து குடியேறியவர்களின் வீடுகள். முதலாவது அக்காவுடையது. விறகை இறக்கி வைத்துவிட்டு, என்னைக் கேட்காமலே அடுப்பை மூட்டினார். கேத்தல் கொதிக்கும்வரை காத்திருந்து, பேணியில் தேயிலையைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கதைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"கொஞ்சம் இருங்க. சாயம் இறங்கட்டும்."

அப்படி ஒரு தேத்தண்ணீரை நான் அதுவரை குடித்ததில்லை. எங்கள் வீட்டில் தேயிலையும் சீனியும் ஒன்றாகக் கொதிக்கும், யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை. இங்கே நிறமே வேறு. கதிரையில் இருந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அக்கா வாசற்படியில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா கொழுந்து எடுத்தவங்க. தேத்தண்ணி மட்டும் ஒழுங்கா போடத் தெரியாட்டி வாயில அடிப்பாங்க," என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "உக்காந்தே குடிச்சிட்டீங்க," என்றார்.

"பிறகு எப்படிக் குடிக்கிறது?"

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார். ஊரில் வயல்காரர் வீடுகளில் களை பிடுங்க, விளைந்த நெல்லை அருவி வெட்ட இந்த வீடுகளிலிருந்துதான் ஆட்கள் போவார்கள். வயல்காரர் நல்லவர்கள். வேலைக்குப் போனால் வயிறு நிறையச் சாப்பாடு போடுவார்கள், காய்ச்சல் வருத்தமென்றால் வந்து விசாரிப்பார்கள். ஆனால் விசாரிப்பது வேலிப் படலைக்கு வெளியே நின்று. உள்ளே வாங்கோ என்றால், வேலை கிடக்கு பிள்ளை, இன்னொரு நாளைக்கு வாறன் என்று போய்விடுவார்கள். அந்த இன்னொரு நாள் வந்ததில்லை.

"கோவமெல்லாம் இல்ல மிஸ். ஒருக்காவாச்சும் உக்காந்து குடிச்சிட்டுப் போனா நல்லா இருக்கும்னு தோணும். அவ்வளவுதான்." பிறகு என் போனைக் காட்டிக் கேட்டார். "இந்த நடக்கிறவங்க எங்க வீட்டு வழியாவா வருவாங்க?"

"ஓம் அக்கா, கட்டாயம். தேத்தண்ணி இங்கதான்."

யாரிடமும் கேட்காமல் நான் கொடுத்த வாக்கு அது. அக்கா அடுத்த கிழமையே பிளாஸ்ரிக் கதிரை நாலு வாங்கினார். முன்பிருந்த இரண்டோடு ஆறு.

அந்த ஊர்ப் பொதுமண்டபத்தில் கூட்டம் நடந்தது. மாதர் சங்கத் தலைவி, ஊரில் எல்லாரும் அன்ரி என்று கூப்பிடுகிறவர், நாலு ஏக்கர் வயலைத் தானே நின்று செய்விக்கிறவர், மத்தியானச் சாப்பாடு மண்டபத்தில்தான் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எனக்கும் அது சரி. தேத்தண்ணீர் நேரம் வந்தபோது அக்காவின் வீட்டைச் சொன்னேன். ஒருவரும் கூடாது என்று சொல்லவில்லை. அங்க என்னத்துக்குச் சுத்தி, ரோட்டால வந்தா நேர வரலாம் என்று ஒருவர் சொன்னார். குளக்கட்டில் நடந்தால் வெயில் என்று இன்னொருவர். வெயில் ரோட்டிலும்தான் என்று நான் சொன்னேன். அக்கா பின்வரிசையில், கதவோரம் நின்றார். கதிரை காலியாக இருந்தும் நின்றார்.

அன்ரி கையை மேசையில் வைத்தார். "சரி பிள்ளை. சனிக்கிழமை ஒத்திகை நடை. நீ வந்து அடையாளம் வை. நாங்கள் எல்லாரும் அடையாளத்தைப் பாத்து நடப்பம். ஒருத்தரும் வழி மாறாமல் அந்த வீட்டடிக்கு வந்து சேந்தால், உன்ர பாதைதான். வராட்டி ரோட்டுத்தான். பிறகு கதைக்கப்படாது."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பெயின்ற் ரின்னோடு போனேன். பனையில் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பு, கல்லில் சிவப்பு. பனையும் கல்லும் இல்லாத இடங்களில் முழங்கால் உயரக் கட்டை வெட்டி, அதன் தலையைச் சிவப்பில் தோய்த்து நிலத்தில் அடித்தேன். கட்டு இறங்கும் இடத்திலிருந்து அக்காவின் படலை வரை, இரண்டு பக்கமும், வரிசையாக. எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். 'நல்லாயிருக்கு, கொடியும் கட்டிவிடு' என்று குரல் அனுப்பினார்.

அக்கா படலையில் நின்று அந்த வரிசையை ஒருமுறை முழுக்கப் பார்த்தார். எதையோ சொல்ல வாய் எடுத்தார். பிறகு, "வடிவா இருக்கு தங்கச்சி," என்றார். அன்றிலிருந்து நான் மிஸ் இல்லை, தங்கச்சி. அந்தச் சந்தோஷத்தில் வேறெதையும் நான் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை, வருகிறவர்களை வரவேற்பதற்காக விடியவே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. ஆறு கதிரையும் வேப்பமரத்தடியில். தேங்காய் ரொட்டி, இடித்த சம்பல், வாழையிலை மூடி. கோப்பைகள் எல்லாம் புதுசு, சின்ன நீலப்பூப் போட்டவை. அன்ரியும் சங்கத்து ஆட்களும் வழிகாட்டப் பழகுகிற இளையவர்களும் எட்டு மணிக்குக் குளக்கட்டில் ஏறுவார்கள், எட்டரைக்கு இங்கே வருவார்கள் என்பது கணக்கு.

எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. அக்கா கேத்தலை இறக்கிவிட்டு மறுபடி வைத்தார். நான் பாதையை எட்டிப் பார்த்தேன். சிவப்பு வரிசைக்கு நடுவே ஒரு கீரிப்பிள்ளை மட்டும் ஓடியது. ஒன்பதரைக்குப் பொறுமை கெட்டு, வேலிக் கல்லில் ஏறி நின்று சிக்னல் பிடித்து அன்ரிக்கு எடுத்தேன்.

"அன்ரி, எங்க வாறியள்?"

"நாங்கள் மண்டபத்துக்கு வந்து அரை மணித்தியாலம். ரோட்டால வந்தனாங்கள். நீ எங்க நிக்கிறாய்?"

"அக்கா வீட்டில. பாதை முடியிற இடத்தில."

அன்ரியின் குரல் சட்டென்று மாறியது. மிகவும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். அசையாதை. நிண்ட இடத்திலயே நில். கட்டு இறங்கிற இடத்தில இருந்து சிவப்புக் கட்டை அடிச்சுக் கிடக்கு. ஏதோ திரும்பக் கண்டுபிடிச்சிருக்கிறாங்கள் போல. எங்கட ஊர் விதானையாருக்குச் சொல்லிப்போட்டன். ஆரும் வந்து கூட்டிக்கொண்டு போகுமட்டும் காலைத் தூக்காதை."

கல்லின் மேல் நின்றபடியே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. நாலாம் வகுப்பு. பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையாக இருத்தி, போர் விட்டுப்போன மிதிவெடி பற்றிப் படம் காட்டினார்கள். சிவப்புக் கட்டை கண்டால் நில், வந்த காலடியிலேயே திரும்பிப் போ. வெள்ளைக் கட்டை என்றால் அந்தப் பக்கம் துப்புரவாக்கியாயிற்று, நடக்கலாம். முடிவில் எல்லாருக்கும் ஒரு பென்சில் பெட்டி கொடுத்தார்கள். எனக்குப் பென்சில் பெட்டிதான் நினைவில் நின்றது. தீவில் எங்களுக்கு அது ஒரு பாடம். இங்கே அது சொந்த வீட்டு வளவு.

"அன்ரி," என்றேன். "அது நான் அடிச்சது."

"என்ன?"

"பெயின்ற். அடையாளம். நான்தான்."

அவர் போனை வைத்துவிட்டார்.

இறங்கித் திரும்பினேன். அக்கா கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா அக்கா? வியாழக்கிழமையே?"

"தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன ஆகும்? பெயின்ற் வேணாம், பாதை வேணாம், ரோட்டிலயே போவோம்னு ஆயிரும்." கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நேத்து வெறகுக்குப் போறவங்க எல்லாம் சுத்திப் போனாங்க. அதனால இன்னிக்கு விடிய, நீங்க வர முந்தியே, அந்தக் கட்டைங்களுக்கு நடுவுல மூணு தடவ நடந்து காட்டினேன். கட்டு வரைக்கும் போயி, வந்து, போயி, வந்து. யாராச்சும் கண்டா பயம் தெளியும்னு. யாரும் இல்ல. ஒரு மாடுதான் பாத்துச்சு."

நான் அழுதேன். அக்கா ரொட்டியில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன். சம்பல் உறைத்ததால் இன்னும் அழுதேன்.

மண்டபத்தில் எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே முழுக்க எழுத விருப்பமில்லை. யுனிவேர்சிற்றிவரைக்கும் போன பிள்ளை என்று தொடங்கி, மீன் வாடிப் புத்தி என்று முடிந்தது. இளையவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். அன்ரி சத்தம் போடவே இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

"அம்புக்குறி கீறுவாய், பெயர்ப்பலகை அடிப்பாய் எண்டு பாத்தன். சிவப்புத் தலைக் கட்டை அடிப்பாய் எண்டு ஆர் நினைச்சது? என்ர கால் ரண்டும் தானா நிண்டிட்டுது தெரியுமே? மூளைக்கு விளங்க முதல் கால் நிண்டிட்டுது. எவ்வளவு வருசமாச்சு. சரி, கதை முடிஞ்சுது. ரோட்டுத்தான்."

"எல்லாத்துக்கும் வெள்ளை அடிக்கிறன் அன்ரி. கட்டையளைப் புடுங்கிறன். இன்னொருக்கா நடப்பம்."

"நீ வெள்ளை அடிச்சால் சனம் நம்புமே? அந்த நேரம் வெடி எடுக்க வந்தவங்களே வெள்ளைக் கட்டை நட்டும் நாங்கள் ஒருத்தரும் வயலுக்குள்ள இறங்கேல்லை. வேலை முடிஞ்ச அண்டைக்கு, வெடி எடுத்த பெடி பெட்டையள் எல்லாம் வரிசையா நிண்டு, எங்கட கண்ணுக்கு முன்னால குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினதுகள். அதைப் பாத்த பிறகுதான் முதல் கால் வைச்சனாங்கள். பெயின்றை ஆர் பாத்தது? ஆள் நடக்கவேணும்."

"அக்கா நடந்தவ," என்றேன்.

"ஆர்?"

"அந்த வீட்டு அக்கா. இண்டைக்கு விடியக்காலமை, தனிய, மூண்டு தரம் நடந்து காட்டினவ. நீங்கள் பயப்படாமல் வரவேணும் எண்டு. பாக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை."

அன்ரி மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தார். குடிக்கவில்லை. திரும்ப மூடினார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளையவர்களும் இப்போது அவரைப் பார்த்தார்கள்.

"வெடி எடுத்ததுகள் நடந்து முடிய, நாங்கள் ஒரு வாளி தேத்தண்ணி கொண்டு போய்க் குடுத்தனாங்கள்," என்றார், எங்களுக்கில்லை, போத்தலுக்குச் சொல்வதுபோல. பிறகு எழுந்தார். "வெள்ளை அடி. நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள முடி. கட்டை ஒண்டும் மிஞ்சப்படாது."

ஞாயிறு முழுக்க, பூசைக்கும் போகாமல், அந்தப் பாதையில் குந்தியிருந்தேன். சிவப்பு இலகுவில் மறையாது. ஒரு பூச்சுக்கு ரோஸ் நிறமாகும். இரண்டாம் பூச்சுக்கும் கொஞ்சம் ரோஸ் இருக்கும். மூன்றாவதுக்குத்தான் வெள்ளை. அக்கா ஒரு பக்கத்துப் பனைகளுக்கு அடித்தார், நான் மறுபக்கம். பிடுங்கிய கட்டைகள் எல்லாம் அவருடைய அடுப்புக்குப் போயின.

பின்னேரம் நாலரைக்கு அன்ரி கட்டின் மேல் வந்து நின்றார். குடை, பழைய சேலை, றப்பர் செருப்பு. அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர், என்ன நடக்கிறது பார்ப்போம் என்று வந்தவர்கள். அன்ரி அவர்களைக் கையால் நிறுத்திவிட்டு, தனியே இறங்கினார்.

நான் அக்காவின் படலையில் நின்று பார்த்தேன். முதல் பனையடியில் நின்றார். குடையின் நுனியால் அந்த வெள்ளையைத் தொட்டார். பிறகு நடந்தார். வேகமாக நடக்கிற மனுசி, அன்று மெதுவாக நடந்தார். ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தார். பாதி வழிக்கு மேல் குனிவது நின்றது, தலை நிமிர்ந்தது. அக்கா என் பக்கத்தில் நின்றார். அவருடைய கை படலைக் கம்பில் இறுகியிருந்தது. நான் என்றால் பாதை வெல்லுமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நினைத்தது பாதையை அல்ல, பாதை முடிகிற இடத்தை.

அன்ரி படலைக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. அந்த இடத்தில், எத்தனையோ வருடமாக நிற்கிற இடத்தில், கால் நின்றது.

"வாங்க," என்றார் அக்கா. பிறகு ஊர்ப் பேச்சில் இன்னொருமுறை, "உள்ளுக்கு வாங்கோ."

அன்ரி வாயைத் திறந்தார். வேலை கிடக்கு என்றுதான் வரப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்கும், அவர் படலையில் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் தளர்த்தினார். அன்ரி அவருடைய கையைப் பார்த்தார். நகத்தைச் சுற்றி இன்னும் வெள்ளைப் பெயின்ற்.

"கால் உளையுது," என்றார் அன்ரி. உள்ளே வந்து வேப்பமரத்தடியில் முதலாவது கதிரையில் இருந்தார். குடையை மடித்து அருகில் சாத்தினார். "தேத்தண்ணி இருக்கே?"

கேத்தல் ஏற்கனவே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. சாயம் இறங்கும்வரை அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்ரி அவசரப்படவில்லை. நீலப்பூக் கோப்பையை வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தார். நானும் அக்காவும் அவருடைய முகத்தையே பார்த்தோம்.

"சீனி கூடிப்போச்சு," என்றார்.

போச்சு என்று நினைத்தேன். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தால் யாரோ பரிசு கொடுத்ததுபோல இருந்தது. மற்றவர்களிடம் எல்லாவற்றுக்கும் குறை சொல்கிற மனுசி, இந்த வீட்டில் இதுவரை எதற்கும் குறை சொன்னதில்லை. சொல்லுகிற அளவுக்கு இங்கே உட்கார்ந்ததில்லை.

"அடுத்தது கொறைச்சுப் போடுறேன்," என்றார் அக்கா.

"போடும். எனக்குச் சாதுவான சீனி வருத்தம்." கோப்பையை முடித்து நீட்டினார். "சாயம் நல்லாயிருக்கு. இதுக்கு என்ன செய்யிறனீர்?"

"காத்திருப்பேன், அவ்வளவுதான்."

இரண்டாவது கோப்பையோடு அன்ரி கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த ஐந்தாறு பேரும் இன்னும் அங்கேயே, குளத்து வெளிச்சத்தில் வரிசையாக நின்றார்கள். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. வயலுக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"உதில நிண்டு என்னத்தைப் பாக்கிறியள்? வாங்கோ. தேத்தண்ணி ஆறுது."

முதலாவது ஆள் இறங்கினார். பின்னால் மற்றவர்கள், ஒருவர் காலடியில் ஒருவர் கால் வைத்து. அக்கா கதிரைகளை ஒரு கண்ணால் எண்ணினார். என்னையும் சேர்த்தால் ஒன்று குறைந்தது. என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் போய் இருந்துகொண்டேன், அவர் உள்ளே ஓடிக் கவிழ்த்து வைத்த கோப்பைகளை நிமிர்த்துகிற சத்தம் கேட்டது.